குளிர்ந்த மலைப் பகுதிகளில் புல்தரைக்கு விதை தேர்ந்தெடுத்தல்

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் புல்தரை என்பது இப்போது பங்களாக்களுக்கும் விடுதிகளுக்கும் மட்டும் உரியதாக இல்லை. வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சிறு விவசாயியும் வாசலில் மூன்று சென்ட், ஐந்து சென்ட் நிலத்தில் புல் விதைக்கிறார். விதை வாங்கும்போது பெரும்பாலோர் உறையின் மேலுள்ள வண்ணப் படத்தையும் விலையையும் மட்டுமே பார்க்கின்றனர். விதைத்த ஆறாம் நாள் பச்சை தெரிகிறது. தை மாதத்தில் அது வைக்கோல் நிறமாகிறது, அல்லது அடுத்த ஆண்டு தரை திட்டுத் திட்டாக வெறுமையாகிறது. செலவு செய்த பணம் போகிறது. அந்தப் புல்லை வெட்டிக் கறவை மாட்டுக்குப் போடும் வீடுகளில் பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரவும் இடமுண்டு. ஆகவே புல் விதையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நமது மலைக் குளிரின் தன்மை

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் மண்ணே உறைந்துவிடும். புல்லின் மேல் வாரக்கணக்கில் பனி மூடியிருக்கும். அந்நாடுகளிலிருந்து வரும் விதை உறைகளில் "குளிர் தாங்கும்" என்று அச்சிட்டிருப்பது இந்தக் குளிரைக் கருதித்தான். சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் நிலை வேறு. இங்கு நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி விழுகிறது. தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் சில ஆண்டுகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே செல்கிறது. ஆனால் அதே நாள் நண்பகலில் நல்ல வெயில் அடிக்கிறது. மண் உறைவதில்லை. மாறாக, உறைபனி விழும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் மழையும் இல்லை. எனவே நமது புல்லுக்குத் துன்பம் தருவது குளிர் மட்டுமன்று, குளிரும் வறட்சியும் சேர்ந்து வருவதேயாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே ஊரில் மேட்டு வீட்டு வாசலில் வெறும் பனித்துளி இருக்க, ஓடையோர வீட்டு வாசலில் புல் வெண்மையாக உறைந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் நன்றாக வந்தது என்று கேட்டு விதை வாங்குமுன், உங்கள் வாசலில் எத்தனை நாள் உறைபனி விழுகிறது என்று ஒரு பருவம் பார்த்து வைப்பது நல்லது.

புற்களின் இரு பிரிவுகள்

புல்தரைப் புற்கள் வெப்பப் பருவப் புற்கள், குளிர்ப் பருவப் புற்கள் என இருவகைப்படும். வெப்பப் பருவப் புற்கள் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை நன்கு வளர்ந்து, குளிரில் உறக்க நிலைக்குச் செல்கின்றன. சமவெளியில் புல்தரைக்கு இடும் அருகம்புல் இவ்வகையைச் சேர்ந்தது. குளிர்ப் பருவப் புற்கள் 16 முதல் 24 டிகிரி வரை செழித்து வளரும். உறைபனியில் வளர்ச்சி குறையுமே தவிர, இலை முழுவதும் கருகிவிடாது.

மலையில் எங்கும் காணப்படும் கிக்குயு புல் வெப்பப் பருவப் புல்லே. கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைப் பகுதியைச் சேர்ந்த இப்புல் கென்யாவின் கிக்குயு இன மக்களின் பெயரைப் பெற்றது. உறைபனி பட்டால் இதன் இலை பழுப்பாகும். ஆனால் தரையோடு படரும் தண்டும் மண்ணுக்குள் உள்ள தண்டும் சாவதில்லை. கோடை மழை விழுந்ததும் மீண்டும் துளிர்க்கும். மிதிபட்டாலும் தாங்கும், சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் பழுப்பு நிறத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்கள் விதைக்காகப் பணம் செலவிட வேண்டியதே இல்லை. கிக்குயு தண்டுகளை வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் நட்டாலே போதும் என்பது என் கருத்து. விதை விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

கிக்குயுவின் குறை அதன் பரவும் குணம். காரட், பூண்டு பயிரிடும் மேடையை ஒட்டி நட்டால், அடுத்த ஆண்டே பாத்திக்குள் வந்துவிடும். இடையில் ஒரு சிறு கால்வாய் வெட்டி, மாதம் ஒருமுறை அதில் இறங்கும் தண்டுகளை அறுத்துவிட வேண்டும். சோலைக் காடு, இயற்கைப் புல்வெளி ஆகியவற்றை ஒட்டிய நிலத்தில் இதை நடவே கூடாது. அங்குள்ள நம் நாட்டுப் புற்களை இது அமுக்கிவிடும்.

குளிர்ப் பருவப் புற்கள்

கடையில் விதையாகக் கிடைப்பவை பெரும்பாலும் பின்வரும் புற்களே.

ரை புல்லில் இரண்டு உண்டு. ஆண்டு ரை புல் மிக விரைவாக முளைக்கும், மலிவாகக் கிடைக்கும், ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பல்லாண்டு ரை புல் 5 முதல் 10 நாட்களில் முளைத்து, தூர் கட்டி, சில ஆண்டுகள் நிற்கும். மலிவு விலைக் கலவைகளில் பாதிக்கு மேல் ஆண்டு ரை புல்லாக இருப்பதுண்டு. ஆறாம் நாள் பசுமையைப் பார்த்து மகிழ்ந்து, மறு ஆண்டு தரை வெறுமையானதும் மண்ணைக் குறை சொல்கிறோம். உறையில் வெறுமனே "ரை புல்" என்று இருந்தால், எந்த ரை புல் என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

உயர் ஃபெஸ்க்யூ புல்லின் வேர் ஆழமாகச் செல்லும். ஆதலால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறட்சியை ரை புல்லைவிட நன்கு தாங்குகிறது. இலை சற்று அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். கொத்துக் கொத்தாக வளர்வதால் விதையைத் தாராளமாகத் தூவ வேண்டும். தண்ணீர் வசதி குறைந்த வாசலுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். ஆனால் மாடு வைத்திருப்போர் கீழே எழுதியுள்ளதைப் படித்த பிறகே முடிவு செய்க.

சிவப்பு ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிலை ஃபெஸ்க்யூக்கள் ஊசி போன்ற இலையுடையவை. நிழலையும் புளிப்பு மண்ணையும் தாங்கும். மிதித்தால் தாங்காது. சைப்ரஸ், சில்வர் ஓக் மரங்களின் ஓரத்து அரை நிழலுக்கு ஏற்றவை. கற்பூர மரத்தின் அடியில் எந்தப் புல்லை விதைத்தாலும் பலன் குறைவுதான்.

கெண்டகி நீலப்புல் என்ற பெயரில் விற்கப்படுவது அழகிய, அடர்ந்த புல். மண்ணுக்குள் தண்டு ஓட்டி வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் முளைக்கவே 14 முதல் 28 நாட்கள் ஆகும். வேர் ஆழம் குறைவு. கார அமில நிலை 6க்கு மேல் இருந்தால்தான் நன்றாக வரும். நீலகிரி மண்ணில் கார அமில நிலை பல இடங்களில் 4.5 முதல் 5.5 வரையே உள்ளது. மண் பரிசோதனை செய்து, பரிந்துரைப்படி சுண்ணாம்பு அல்லது டோலமைட் இட்டு, கோடையில் விடாமல் தண்ணீரும் தரக்கூடியவர்களுக்கே இது. மற்றவர்கள் இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்புற்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. கதிர் தள்ள இவற்றிற்குக் குளிரும், அதன்பின் நீண்ட பகற்பொழுதும் வேண்டும். ஐரோப்பாவில் கோடைப் பகல் 15, 16 மணி நேரம் நீடிக்கிறது. உதகையில் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 முக்கால் மணி நேரம்தான். எனவே இங்கு இவை இலையாக நன்கு வளர்ந்தாலும், பெரும்பாலும் சரியாக விதை பிடிப்பதில்லை. தானாக விதை உதிர்ந்து தரை நிரம்பும் என்று எதிர்பார்க்க இயலாது. ஒவ்வொரு முறையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும், அதனால்தான் வாங்கும் விதை தரமானதாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் பொட்டலமாக வரவழைப்பதும் கூடாது. 2003 ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, விதை இறக்குமதிக்கு முறையான அனுமதி வேண்டும். புதிய களையும் நோயும் இவ்வழியாகவே வருகின்றன.

விவர அட்டையைப் படித்தல்

உறையின் முன்புறப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறமுள்ள விவர அட்டையைப் பாருங்கள். புல்லின் பெயர், இரகம், புறத்தூய்மை, முளைப்புத் திறன், குவியல் எண், சோதனை செய்த நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சோதனை செய்து 9 மாதங்கள் கடந்த விதையானால், வீட்டில் முளைப்புச் சோதனை செய்யாமல் விதைக்க வேண்டாம்.

விலையை ஒப்பிடும் முறை எளிது. புறத்தூய்மையை முளைப்புத் திறனால் பெருக்கி 100ஆல் வகுத்தால், நூறு பங்கில் உயிருள்ள தூய விதை எத்தனை பங்கு என்பது தெரியும். உதாரணமாக, ஒரு விதை கிலோ 400 ரூபாய் என்றும், தூய்மை 98 சதம், முளைப்பு 90 சதம் என்றும் வைத்துக்கொள்வோம். உயிருள்ள தூய விதை 88.2 சதம். மற்றொன்று கிலோ 300 ரூபாய், தூய்மை 85 சதம், முளைப்பு 70 சதம். இதில் உயிருள்ளது 59.5 சதமே. ஒரு கிலோ உயிருள்ள விதைக்கு முதலாவதில் நாம் கொடுப்பது சுமார் 454 ரூபாய், இரண்டாவதில் சுமார் 504 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. அதோடு, மீதியுள்ள 15 சதத்தில் பதரும் தூசியும் மட்டுமன்றிக் களை விதையும் இருக்கலாம். வண்ணப் பூச்சு அல்லது களிமண் பூச்சு ஏற்றிய விதையானால், எடையில் பாதி வரை பூச்சாகவே இருப்பதுண்டு. அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

கலவை விதை வாங்கும்போது எடை விகிதத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். ஒரு கிராமில் பல்லாண்டு ரை விதை சுமார் 500 இருக்கும், நீலப்புல் விதை சுமார் 3000 இருக்கும். ரை 90 பங்கு, நீலப்புல் 10 பங்கு என்று எழுதியிருந்தாலும், விதைகளின் எண்ணிக்கையில் பத்தில் நான்கு நீலப்புல்தான். ஆனால் முதல் வாரத்தில் முளைக்கும் ரை புல் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வாரம் முளைக்கும் நீலப்புல்லை அமுக்கிவிடும். எனவே இந்தக் கலவையில் ரை கால் பங்குக்கு மேல் இல்லாதிருப்பது நல்லது. உயர் ஃபெஸ்க்யூவுடன் மெல்லிலை ஃபெஸ்க்யூவைக் கலந்தால் தரை இருவிதமாகத் தெரியும். வெயில் பகுதிக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று எனத் தனித்தனியே விதைப்பதே மேல்.

வீட்டில் முளைப்புச் சோதனைக்கு, ஈரத் துணியில் 100 விதைகளைப் பரப்பிச் சுருட்டி, காயாமல் அடுப்பங்கரைப் பக்கம் மிதமான வெப்பத்தில் வையுங்கள். ரை புல்லைப் பத்தாம் நாளும், நீலப்புல்லை 28ஆம் நாளும் எண்ணிப் பார்க்கலாம்.

மாடு வைத்திருப்போர் கவனத்திற்கு

இக்கட்டுரையில் முக்கியமான பகுதி இதுவே. அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் 1931 ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் மலைச்சரிவில் குளிரிலும் பசுமை மாறாமல் நின்ற உயர் ஃபெஸ்க்யூ புல்லிலிருந்து விதை சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து வந்த கெண்டகி 31 என்ற இரகம் 1943இல் வெளியாகி, இலட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் பரவியது. வறட்சி, பூச்சி, மிதிபடுதல் அனைத்தையும் தாங்கியது. ஆனால் அதை மேய்ந்த மாடுகள் எடை கூடவில்லை, பால் குறைந்தது, வெயிலில் இரைத்தன. குளிர்காலத்தில் சில மாடுகளுக்குப் பின்னங்கால் குளம்புக்கு மேலும் வால் நுனியிலும் இரத்த ஓட்டம் குறைந்து, திசு அழுகி விழுந்தது. காரணம் பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1977இல்தான் புல்லின் உள்ளேயே வாழும் ஒரு பூசணம் இதற்குக் காரணம் என்று தெரியவந்தது. வெளியே எந்த நோய்க்குறியும் தெரியாது, விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். 1981இல் நியூசிலாந்தில், ரை புல்லை மேய்ந்த ஆடுகளுக்கு ஏற்படும் நடுக்கமும் தள்ளாட்டமும் இதே போன்றதொரு பூசணத்தால் வருபவை என்று கண்டனர்.

இந்தப் பூசணம் புல்லைப் பூச்சியிலிருந்து காப்பதால், புல்தரைக்கென்று உருவாக்கும் இரகங்களில் அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். விளையாட்டுத் திடலுக்கு அது நல்ல குணம். மாட்டுத் தொட்டிக்கு அது நஞ்சு. விதை ஒன்றுபோலவே இருக்கும், புல்லின் பெயரும் ஒன்றே. எனவே பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அடித்தண்டின் உறையிலும் கதிரிலும் நஞ்சு கூடுதலாக இருக்கும். உலர்த்தினாலும் முழுவதும் நீங்காது.

ஆகவே வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடும் எண்ணம் இருந்தால், புல்தரை விதையாக விற்கப்படும் ரை புல், உயர் ஃபெஸ்க்யூ இரண்டையும் தவிர்க்கவும். தீவன இரகம் என்றும், உட்பூசணம் அற்றது என்றும் எழுதியுள்ள விதையை மட்டுமே வாங்க வேண்டும். அது கிடைக்காவிடில் கிக்குயுவே போதும். அல்லது தீவனத்துக்குத் தனியே ஒரு மூலையில் காக்ஸ்ஃபுட் புல்லையும் வெள்ளைக் குளோவரையும் சேர்த்து விதைக்கலாம். குளோவரை மட்டும் ஈரத்தோடு வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு உப்பும், புல்லுடன் கலந்தே தர வேண்டும்.

ஏற்கெனவே இத்தகைய புல்லைப் போட்டு வருபவர்கள், மாட்டின் தலை நடுங்குகிறதா, விரட்டினால் கால் பின்னி விழுகிறதா, பின்னங்காலை நொண்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்புல்லை அன்றே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். நடுக்கம் பெரும்பாலும் தீவனத்தை மாற்றினால் சரியாகிவிடும். அழுகிய குளம்பு திரும்ப வராது. பூசணக் கொல்லி கலந்து சிவப்பு, நீலம், பச்சை நிறமேற்றிய விதையில் மீதியைக் கோழிக்குப் போடுவதும் கூடாது.

எது குளிரில் எப்படி நிற்கிறது என்று கண்ணால் காண விரும்புவோர், உதகையை அடுத்த சாண்டிநல்லா செம்மறி ஆட்டின ஆராய்ச்சி நிலையத்திற்கோ, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி மையத்திற்கோ அனுமதி பெற்று ஜனவரி மாதத்தில் சென்று வரலாம். மே மாதத்தில் எல்லாப் புல்லும் பச்சையாகத்தான் இருக்கும்.

விதைப்பு

உறைபனி தொடங்குமுன் நாற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் கிடைக்க வேண்டும். எனவே ஆகஸ்டு கடைசி முதல் செப்டம்பர் நடுவரை விதைப்பது சிறந்தது. குன்னூர், கோத்தகிரிப் பகுதியில் அக்டோபர் மாத வடகிழக்குப் பருவமழை சரிவிலுள்ள விதையை அடித்துச் சென்றுவிடும், அங்கு தாமதிக்கவே கூடாது. இதைத் தவறவிட்டவர்கள் நவம்பரில் விதைத்துப் பணத்தை இழப்பதைவிட, ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குக் காத்திருப்பது நல்லது.

மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, களை வேர்களைப் பொறுக்கி, சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் இட்டுச் சமப்படுத்துங்கள். சென்ட் ஒன்றுக்குப் பல்லாண்டு ரை அல்லது உயர் ஃபெஸ்க்யூ 1.2 முதல் 1.6 கிலோ, மெல்லிலை ஃபெஸ்க்யூ 600 கிராம் முதல் 1 கிலோ, நீலப்புல் 200 முதல் 400 கிராம் தேவை. விதையுடன் இரு மடங்கு மணல் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவி, வாரியால் மெல்லக் கீறி மூட வேண்டும். ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் போனால் சிறு விதைகள் வெளிவராது. சரிவான இடத்தில் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பவும்.

குளிர்காலத்திலும் பச்சை வேண்டும் என்போர், கிக்குயு தரையைச் செப்டம்பரில் ஒட்ட வெட்டி, கீறிவிட்டு, சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிராம் பல்லாண்டு ரை விதையை மேலே தூவலாம். பிப்ரவரி வரை தண்ணீர் தர முடியுமானால் மட்டும் இதைச் செய்யவும். குடிநீருக்கே தட்டுப்பாடு வரும் ஊர்களில் கிக்குயு பழுத்தே கிடக்கட்டும்.

முதல் குளிர்காலப் பராமரிப்பு

அக்டோபரில் மண் பரிசோதனைப்படி சாம்பல் சத்து இடவும். நவம்பருக்குப் பின் யூரியா வேண்டாம், அதனால் வரும் இளந்துளிர் உறைபனியில் முதலில் கருகும். ரை புல்லை 4 முதல் 5 செ.மீ. உயரத்திலும், உயர் ஃபெஸ்க்யூவை 6 முதல் 8 செ.மீ. உயரத்திலும் விட்டு வெட்டவும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

உறைந்த புல்லின் மேல் காலையில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலைக்குள் உறைந்த நீர், மிதிக்கும்போது திசுவைக் கிழித்துவிடுவதால், பகலில் காலடித் தடம் கருமையாகத் தெரியும். விருந்தினருக்குத் தெரியாதாகையால், காலை ஒன்பது மணி வரை ஒரு கயிறு கட்டி வைப்பது நல்லது. வெயில் ஏறுமுன் பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் கருகல் குறையும். புதிதாக முளைத்த சிறு பரப்பானால், கோத்தகிரி மிலார் செடியை இரவில் பரப்பி மூடி, காலையில் எடுத்துவிடலாம். விதை உறையையும் விவர அட்டையையும் வாங்கிய ரசீதுடன் அடுத்த ஆண்டு வரை வைத்திருக்கவும். விதை முளைக்காவிட்டாலும், மாட்டுக்கு நோய் கண்டாலும், எந்த இரகம், எந்தக் குவியல் எண் என்பதுதான் முதலில் கேட்கப்படும்.